எடை தாங்காத கயிறு

சிவப்புக் கோடு முட்டிக்கொண்டு நிற்கிறது.
மிச்சம் தொள்ளாயிரம் எம்பி.
அப்டேட் கேட்பதோ இருபது ஜிபி;
அது இறங்காமல் அறிக்கை மென்பொருள் திறக்காது.
விடிந்தால் அறிக்கை போக வேண்டும்.
வெளியே லியெபாயா துறைமுகத்தில்
யாரும் ஏணி தொட முடியாத காற்று.

என் வேலை
காற்றாலை இறகுகளில் விரிசல் தேடுவது.
எண்பது மீட்டர் உயரத்தில்
இரண்டு கயிறுகளோடு தொங்குவேன்.
ஒன்று என்னைச் சுமக்கும்.
மற்றது
கூட வரும், அவ்வளவுதான்.

முதலில் குப்பைத்தொட்டி.
ஏறாமல் விட்ட ரீகா பஸ்ஸின் டிக்கெட்,
ஒரே படிவத்துக்குப் பதினொரு நகல்.
"நிரந்தரமாக நீக்கவா, ஐவிதா?"
நிரந்தரம் என்ற சொல்லை
இத்தனை சாதாரணமாகக் கேட்டவர்கள் இருவர்:
இந்தக் கணினி,
விவாகரத்துப் பதிவாளர்.
இரண்டு ஜிபி.

அடுத்து தற்காலிகக் கோப்புகள்.
நாலு வருடமாக வாடகை தராமல் குடியிருந்த தற்காலிகம்.
ஐந்து.

மூடி வைத்தால்
பாதியில் நின்ற கனவைக் குறித்துவைக்க
ஒரு பெரிய கோப்பு.
இனிமேல் கனவு வேண்டாம், அணைந்துவிடு என்றேன்.
ஆறு.

பிறகு மீட்புப் புள்ளிகள்.
போன செவ்வாய், அதற்கு முந்தைய மாதம், அதற்கும் முன்...
ஒவ்வொன்றும் திரும்பிப் போக ஒரு கதவு.
"கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றை அழி"
என்று ஒரு பொத்தான் இருக்கிறது.
அதை எழுதியவன்
என்றாவது உயரத்தில் தொங்கியிருப்பான்.
நாலு.

இன்னும் இரண்டு ஜிபி வேண்டும்.
இறகுப் படங்களில் கை வைக்க முடியாது.
பதினாலாம் கோபுரத்தின் இரண்டாம் இறகில்
மயிரிழை விரிசல் ஒன்று;
அதற்கு வேறு நகல் இல்லை.

அப்போதுதான் பார்க்கிறேன்,
எழுத்தும் பெயருமில்லாத ஒரு பகுதி.
பதிமூன்று ஜிபி.
திறக்காது. ஒருநாளும் எதற்கும் உதவியதில்லை.
பெட்டியிலிருந்து எடுத்த அன்று
என்னை இன்னும் அறியாதிருந்த இந்த இயந்திரம்
தன்னை அங்கே மடித்து வைத்திருக்கிறது.

குந்தார்ஸுக்குப் போன் போட்டேன்.
போன மார்ச்சில் இதைத்தான் அவன் வெட்டினான்.
"எவ்வளவு இடம் தெரியுமா!" என்று
கான்டீனில் எல்லோருக்கும் சொன்னான்.
ஏப்ரலில் நீலத் திரை.
இருநூறு கிலோமீட்டர்,
மடியில் ஒரு செங்கல்லோடு போய் வந்தான்.
"பென்டிரைவ் இருக்கா?" என்றான் தூக்கக் குரலில்.
"நகல் எடு. அதிலிருந்து கணினி எழுகிறதா என்று பார்.
பார்த்த பிறகு பேசு."

எடுத்தேன். ஒன்றரை மணி நேரம்.
கெட்டில் இரண்டு தடவை ஆறிப்போனது.
முடிந்ததும் திரை குழைகிறது:
நகல் தயார். மூலத்தை அழித்து
இடத்தைத் திரும்பப் பெறலாமா?

பெருவிரலைவிடச் சின்னது அந்தப் பென்டிரைவ்.
இந்த வருடம் மட்டும் மூன்று தொலைத்திருக்கிறேன்.
வேண்டாம் என்றேன்.
அணைத்து, அதைச் செருகி எழுப்பினேன்; எழுந்தது.
பிடுங்கி, சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்து
சர்க்கரை டப்பாவுக்குள் போட்டேன்.

இன்னும் அதே இரண்டு ஜிபி.

டவுன்லோட்ஸின் அடியில் கிடந்தது
கம்பெனி கொடுத்த பாதுகாப்புப் பயிற்சி வீடியோ.
மூன்று ஜிபிக்கு மேல்.
மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவர்
ஒரு மணி நேரம் சொல்வது ஒரே விஷயம்:
இரண்டாவது கயிற்றை ஒருபோதும் கழற்றாதே.

மனப்பாடம் ஆகிவிட்டது.
அழித்தேன்.

இரண்டரை மணிக்குத் திரை கறுத்தது.
புள்ளிகள் வட்டமாக ஓடின.
ஓடின.
சர்க்கரை டப்பாவை
மேஜையின் இந்தப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஆறு பத்துக்கு அறிக்கை போனது.
காற்றும் இறங்கிவிட்டது.
எட்டு மணிக்கு பதினாலாம் கோபுரத்தில் தொங்கும்போது
பக்கத்தில் தொளதொளவென்று ஆடியது அது.
சும்மா ஒருமுறை முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன்.
கையுறையில் சர்க்கரை ஒட்டியிருந்தது.